ஏழாம் துணைக்குழு

முதல் கூட்டத்தன்று காலை பத்தரைக்கு அஜிதா கமிட்டி அறையைத் திறந்தாள். மின்விசிறிகளைப் போட்டு, மேஜையைத் துடைத்து, ஏழு நாற்காலிகளுக்கு முன்னால் ஏழு கோப்புகளை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது சன்னலோரக் கடைசி நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அறைக்கு ஒரே கதவு. அது அவள் கண்ணெதிரேதான் இருந்தது. அவர் உள்ளே வந்ததை அவள் பார்க்கவில்லை. வேலை மும்முரத்தில் கவனித்திருக்க மாட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். சாம்பல் நிற அரைக்கைச் சட்டை, கரையில்லாத வேட்டி, படிய வாரிய வெள்ளை முடி. கைகள் இரண்டையும் மடியில் சேர்த்து வைத்திருந்தார். கூட்டம் தொடங்கிப் பாதி நடந்துவிட்டதுபோல அவ்வளவு கவனமாக உட்கார்ந்திருந்தார்.

மலையாளத்தில் பெயர் கேட்டாள். அவர் தமிழில் பதில் சொன்னார்.

"சுந்தரராமன். ஜியாலஜி. ரிட்டயர்டு."

பட்டியலில் ஏழாவதாக அந்தப் பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டை நீட்டினாள். பெயருக்கு நேரே நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். வெளியே விடியற்காலையிலிருந்து மழை. மாடிப்படி முழுக்க ஈரச் செருப்புத் தடங்கள். பிறகு வந்த ஆறு பேரும் குடையை உதறி, காலைத் தேய்த்து, கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். பெரியவரின் நாற்காலிக்குக் கீழே தரை காய்ந்திருந்தது. அதை அன்று பார்க்கத்தான் செய்தாள். அதைப் பற்றி யோசித்தது பிறகுதான்.

திருவனந்தபுரத்தில் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பத்தாண்டுத் திட்டம் ஒன்று வேண்டும் என்று அந்த வருடம் மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. துணைவேந்தர் தலைமையில் ஒரு வழிகாட்டுக் குழு. அதற்குக் கீழே பாடத்திட்டம், ஆராய்ச்சி, தேர்வு என்று தொடங்கி நிலமும் கட்டிடமும் வரை ஏழு துணைக்குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ஆறு உறுப்பினர்கள், நான்கு கூட்டங்கள், அறிக்கை கொடுக்க ஒரு கடைசித் தேதி. நாற்பத்தொன்பது பேரைத் திட்டப் பிரிவு இரண்டே நாளில் தேர்ந்தெடுத்தது. தேர்ந்தெடுத்தது என்று சொல்வது மரியாதைக்குத்தான். பத்து வருடத்துக்கு முந்தைய ஆணையைக் கணினியில் திறந்து, வெளிநாடு போனவர்கள் என்று நினைவில் இருந்த நாலைந்து பேரை எடுத்துவிட்டு, புதிய துறைத்தலைவர்களைச் சேர்த்து, தேதியை மாற்றி, மேலே ஒப்பத்துக்கு அனுப்பினார்கள். அந்த வேலையைச் செய்தவள் அஜிதா. சொன்னவர் பிரிவு அலுவலர் பிஜு.

நிலமும் கட்டிடமும் என்ற ஏழாம் துணைக்குழுவின் கோப்பில் வளாகத்தின் வரைபடம் ஒன்று இருந்தது. கிழக்கு ஓரத்தில் இரண்டு ஏக்கர் மஞ்சள் பூசி, 'காலி நிலம்: புத்தாக்க மையத்துக்குப் பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதியிருந்தது. அந்த மஞ்சளுக்குள் பதினோரு ஓட்டு வீடுகள் உண்டு. ஐந்தாவது வீட்டில் பிறந்தவள் அஜிதா. அப்பா லிங்கம் பணகுடிப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர். அம்மா வடிவம்மாள் இன்றும் மகளிர் விடுதியில் பெருக்கித் துடைக்கிறாள். தோட்டக்காரர்களும் துப்புரவுப் பெண்களும் நாற்பது வருடமாகக் குடியிருக்கும் வரிசை அது. பட்டா கிடையாது. ஏதோ ஒரு பழைய பதிவேட்டில் 'தற்காலிகக் குடியிருப்பு' என்று ஒற்றை வரி இருப்பதாகச் சொல்வார்கள். அஜிதா படித்து, தேர்வு எழுதி, அதே பல்கலைக்கழகத்தில் உதவியாளர் ஆகி, கல்யாணம் ஆகிக் கரமனைக்குப் போய்விட்டாள். வரைபடத்தை ஏழு பிரதி எடுத்து ஏழு கோப்பில் வைத்தபோது அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கமிட்டியில் குறிப்பெடுப்பவளுக்குப் பேச்சு கிடையாது.

தலைவர் டாக்டர் சுதீஷ் விரைவாகக் கூட்டம் நடத்துகிறவர். மஞ்சள் இடத்துக்கு வந்ததும், காலி நிலம்தானே, இதில் சிக்கல் ஒன்றுமில்லை என்றார். ஐந்து பேர் தலையசைத்தார்கள். அப்போது சன்னலோரத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. அது உயரவும் இல்லை, தாழவும் இல்லை. திருவனந்தபுரத்து மலையாளத்தில் பேசினார். அந்த இடம் முன்பு குளம், எண்பத்திரண்டில் மூடினார்கள், மூடியது சரியில்லை, அடியில் தண்ணீர் இன்னும் நகர்கிறது, நான்கு மாடி அங்கே நிற்காது. அதோடு அங்கே பதினோரு குடும்பங்கள் வாழ்கின்றன, அவர்களை இந்த வரைபடத்தில் காணவில்லை என்றார். தலைவர் பேனாவால் தாளின் ஓரத்தில் ஏதோ கிறுக்கிவிட்டு, "நோட்டட், அடுத்தது" என்றார். ஒருவரும் பேசியவர் பக்கம் திரும்பவில்லை. ஒவ்வொருவரும் அவர் மற்றவருக்குத் தெரிந்த ஆள் என்று நினைத்ததுபோல இருந்தது. அஜிதா ஒரு சொல் விடாமல் எழுதினாள்.

இரண்டாவது கூட்டத்திலும் அப்படியே. அன்று எல்லோரும் போன பிறகு கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. எதிரே வைத்த தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது.

"நீ லிங்கத்தோட பொண்ணோன்னோ?"

"ஆமா சார். அப்பாவத் தெரியுமா?"

"தெரியாம என்ன. குளத்தை மூடறச்சே நாங்க ரெண்டு பேரும்தான் வேண்டாம்னு சொன்னோம். நான் எழுதிக் குடுத்தேன். அவன் கரையில நின்னு கத்தினான். ரெண்டையும் யாரும் கேக்கலை." கொஞ்சம் யோசித்தார். "நேத்திக்குக்கூடப் பார்த்தேனே. உன்னைப் பத்திச் சொன்னான்."

அஜிதாவுக்குச் சிரிப்பா வருத்தமா என்று தெரியாத ஒன்று வந்தது. அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. வயதானவர்களுக்கு நேற்றும் முந்தாநாளும் குழம்பும் என்று திருத்தாமல் விட்டுவிட்டாள். ஆனால் பேருந்தில் போகும்போது அந்த வார்த்தை கூடவே வந்தது. அப்பா விழுந்தது நூலகத்துக்குப் பின்னால், பட்டப்பகலில். அப்போது அவள் இதே கட்டிடத்தில் வேறொரு கமிட்டிக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். செல்போன் சத்தமில்லாமல் பையில் கிடந்தது. கூட்டம் முடிந்து எடுத்துப் பார்த்தபோது பதினேழு அழைப்புகள். முதல் மூன்று அப்பாவுடையவை.

மூன்றாவது கூட்டத்தில் சுந்தரராமன் தன் கருத்தை மாறுபட்ட கருத்தாகப் பதிவு செய்யவேண்டும் என்று கேட்டார்; அவர் வாசகத்தைச் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். அன்று கூட்டம் முடிந்ததும் அப்பாவைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும் என்றிருந்தாள். கடைசி ஆளுக்குக் கதவைப் பிடித்துவிட்டுத் திரும்பினால் சன்னலோரம் காலியாக இருந்தது.

வரைவறிக்கைக்கு ஏழு கையெழுத்து வேண்டும். ஆறு விழுந்துவிட்டது. அவருடைய தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை என்று வந்ததால், ஒரு சனிக்கிழமை மதியம் அஜிதாவே வலியசாலைக்கு அவர் வீட்டைத் தேடிப் போனாள். அக்கிரகாரத்தில் வீடு கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. கதவைத் திறந்த அம்மாளுக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் கோடாகத் திருநீறு.

"யுனிவர்சிட்டிலேருந்து வாரேன்மா. சாரோட ஒரு கையெழுத்து வேணும்."

அந்த அம்மாள் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "உள்ளே வாங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

கூடத்துச் சுவரில் படம் இருந்தது. அதே வாரிய முடி. கீழே சின்ன மின்விளக்கு. சட்டகத்தின் மூலையில் சந்தனம். அஜிதா படத்தைப் பார்த்தாள், பிறகு கையிலிருந்த கோப்பைப் பார்த்தாள். காதுக்குள் விசிறி ஓடுவதுபோல ஒரு சத்தம். உட்காரச் சொல்லாமலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவர் போயி பதினொரு மாசம் ஆறது. அடுத்த மாசம் முதல் திதி, வருஷாப்திகம்," என்றாள் அவர் மனைவி லலிதாம்பாள். "உங்க ஆபீஸ்ல மாடிக்குக் கீழேதானே பென்ஷன் செக்‌ஷன். அங்க எல்லாம் குடுத்தாச்சே. பையன் பெங்களூர்லேந்து வந்து அதை முடிச்சுட்டுத்தான் போனான்."

"அம்மா, சார் மூணு கூட்டத்துக்கு வந்தாங்க."

சொன்ன பிறகுதான் அது என்ன வாக்கியம் என்று அவளுக்கு உறைத்தது. அந்த அம்மாள் கோபப்படுவாள், அழுவாள், வெளியே போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். லலிதாம்பாள் எழுந்து உள்ளே போய் மூன்று உறைகளை எடுத்து வந்தாள். மூன்றும் திட்டப் பிரிவின் முத்திரை விழுந்த கூட்ட அறிவிப்புகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"அவர் பேருக்கு வர்றதை நான் பிரிக்கறதில்லை. அவர் மேஜையில வச்சுடுவேன். எங்கே, அந்தக் கையெழுத்தைக் காட்டுங்கோ."

அஜிதா பதிவேட்டின் நகலைக் காட்டினாள். லலிதாம்பாள் கண்ணாடி போட்டுக்கொண்டு விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். கடைசி எழுத்துக்குக் கீழே இழுத்திருந்த கோட்டின்மேல் விரலால் ஒருமுறை போய் வந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"இருமினாரா?"

"இல்லம்மா. ஒரு தடவைகூட இருமல்ல."

"கடைசி ரெண்டு வருஷம் ஒரு வார்த்தை முழுசாப் பேச முடியலை அவருக்கு. நிறையப் பேசினாரோ?"

"நிறைய பேசினாங்க. நிறுத்தாம பேசினாங்க."

லலிதாம்பாள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை. "வருஷம் திரும்பற வரைக்கும் ஆத்தைச் சுத்தித்தான் இருப்பார்னு காரியம் பண்ணி வச்ச வாத்தியார் சொன்னார். அதனால நான் எங்கேயும் போகலை. பையன் கூப்பிட்டான், போகலை. கல்யாணம் கார்த்திகைன்னு கூப்பிட்டா, போகலை. பதினொரு மாசமா இந்த நிலைப்படியைத் தாண்டலை நான்." சுவரிலிருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தாள். "ஆத்துக்கு வரத் தோணலை பாருங்கோ. கமிட்டிக்குப் போயிருக்கார்."

அஜிதா கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கேட்டாள்.

திங்கட்கிழமை அஜிதா பிஜுவிடம் சொன்னாள். மறைக்க முடியாது, கையெழுத்து வேண்டும். ஆனால் வலியசாலையில் பார்த்ததை மட்டும் சொன்னாள், கேட்டதைச் சொல்லவில்லை. பிஜு கரமனையில் தமிழர்கள் நடுவில் வளர்ந்தவர், அவளிடம் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். முதலில் சிரித்தார். கீழ்மாடி பென்ஷன் பிரிவுக்குப் போன் செய்து பேசியபோது சிரிப்பு நின்றது. யாரோ ஆள்மாறாட்டம் செய்திருக்கிறான் என்று சொல்லிவிட்டு மற்ற உறுப்பினர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். ஆமாம், ஒரு மூத்தவர் இருந்தார் என்றார்கள் எல்லோரும். ஒருவர் வழுக்கை என்றார். தலைவர், கண்ணாடி போட்டவர்தானே என்று திருப்பிக் கேட்டார். தேநீர் கொண்டுவரும் வேலப்பன், ஏழு கொண்டுபோனால் எப்போதும் ஒன்று தொடாமல் திரும்பி வரும் என்றான். பிறகு பிஜு பாதுகாப்பு அறைக்குப் போய் வராந்தாக் கேமராவில் மூன்று நாளையும் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார். வந்து வெகுநேரம் தன் மேஜையில் ஒன்றும் செய்யாமல் இருந்தார்.

"அஜிதா, மூணு நாளும் உள்ளே போனது நீயும் ஆறு பேரும், டீ கொண்டுவந்த வேலப்பனும். வெளியே வந்ததும் அத்தற பேருதான்."

பிஜு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது நான் ஆரோடும் பறைய மாட்டேன். நீயும் பறையண்டா. மூணு மினிட்ஸும் ரீடைப் பண்ணு. அட்டெண்டன்ஸ்ல அயாள் பேரு வேண்டா. அந்த டிசென்ட் பாராவும் வேண்டா. மெம்பர்ஸ் ஒப்பு கடைசிப் பேஜ்ல மட்டுந்தானே, முன்னாடி பேஜ் மாத்தினா மதி, அது போதும்."

"சார், அவங்க சொன்னத நான் எழுதினேன். எல்லாரும் கேட்டாங்க."

"கேட்டவங்க நாளைக்கு கேட்டோம்னு சொல்லுமோ?" பிஜு குரலைத் தாழ்த்தினார். அதில் மிரட்டல் இல்லை, பயம்தான் இருந்தது. "உன் அம்மை அந்த லைன்ல தாமசிக்கிறது எல்லாருக்கும் அறியும். மரிச்சுப் போன ஒரு ஆளோட பேருல நீயே எழுதிச் சேத்தேன்னுதான் சொல்லுவாங்க. அப்போ வீடும் போகும், ஜோலியும் போகும். நான் உனக்காகத்தான் பறையறேன்."

அன்றைக்கே ஒரு சிறிய ஆணை வெளியானது. ஏழாம் துணைக்குழுவிலிருந்து டாக்டர் ஆர். சுந்தரராமன் பெயர் நீக்கப்படுகிறது. காரணம் எழுதவில்லை. தட்டச்சு செய்தவள் அஜிதா. 'நீக்கப்படுகிறது' என்ற சொல்லைப் பலமுறை அடித்திருக்கிறாள். அன்று மட்டும் அது ஏதோ உயிருள்ள ஒன்றின்மேல் கை வைத்ததுபோல இருந்தது.

சாயங்காலம் வளாகத்தைக் கடந்து அம்மாவின் வீட்டுக்குப் போனாள். வீட்டுச் சுவரில் சுண்ணாம்பால் ஐந்து என்று எழுதி ஒரு வட்டம் போட்டிருந்தது. அளவெடுக்கிறவர்கள் வந்துபோனார்களாம். வடிவம்மாள் அடுப்பில் கருவாட்டுக் குழம்பை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அஜிதா எல்லாவற்றையும் சொன்னாள். அலுவலகத்தில் சொல்லாததையும் சொன்னாள். அம்மா ஆச்சரியப்படவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, அந்த அய்யரு நல்லவுகல்லா. ஒங்கப்பாவும் அவுகளும் குளத்தங்கரையில நின்னு பேசிக்கிட்டே கெடப்பாவ. இப்பவும் மழ பெஞ்சா இந்தத் தரைக்கடியில தண்ணி ஓடுத சத்தம் கேக்கும். படுத்துக் காத வச்சாத் தெரியும்." கொஞ்சம் பொறுத்து, மகளைப் பார்க்காமல் கேட்டாள். "ஒங்கப்பா என்ன சொன்னாவன்னு அவுககிட்ட கேட்டியா?"

"கேக்கலம்மா."

"கேட்டிருக்கலாம்."

வடிவம்மாள் எழுந்து குழம்பைக் கிளறப் போனாள். அஜிதா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குனிந்து காதை வைக்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் அவள் இரண்டு காரியம் செய்தாள். டாக்டர் சுந்தரராமன் பெயருக்கு நான்காம் கூட்டத்தின் அறிவிப்பை அடித்து, பிஜுவின் கையெழுத்தில்லாமல், நகல் எடுக்காமல், பதிவேட்டில் ஏற்றாமல் பையில் வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு வருட வேலையில் அப்படி ஒரு கடிதம் அவள் கையிலிருந்து போனதில்லை. மாலையில் வலியசாலைக்குப் போய் அதை லலிதாம்பாளிடம் கொடுத்தாள். "பிரிக்க மாட்டேன், மேஜையில வைக்கறேன்" என்றாள் அவள். "நானும் வரலாமோன்னோ? உள்ளே வரலை. வெளியில உக்காந்துக்கறேன்."

அதற்கு முன்னால் மதியம் சுற்றுச்சூழல் துறைக்குப் போய் ஸ்ரீப்ரியாவைப் பார்த்திருந்தாள். துணைக்குழுவில் வயது குறைந்தவள், பணியில் இன்னும் நிரந்தரமாகாதவள். உறுப்பினர்களில் மூன்று கூட்டத்திலும் ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். அஜிதா திருத்தாத மூன்று குறிப்புகளையும் மேஜையில் வைத்து, நடந்ததைச் சொன்னாள். ஸ்ரீப்ரியா கைப்பையிலிருந்து மூச்சு மருந்தை எடுத்து இழுத்துக்கொண்டு மலையாளத்தில் சொன்னாள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா, பக்கத்தில் இருப்பவர்களின் மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். அவர் என் பக்கத்து நாற்காலி. பேசும்போது எந்த இடத்திலும் மூச்சு வாங்கவில்லை. அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மையா என்று பார்க்க நான் அங்கே போனேன். மாணவர்களை வைத்து மூன்று இடத்தில் துளை போட்டுப் பார்த்தேன். நாலடியில் தண்ணீர்.

"அப்போ நீங்க சொல்லலாமே மேடம்."

ஸ்ரீப்ரியா சன்னலுக்கு வெளியே பார்த்தாள். "எனிக்கு ப்ரொபேஷன் தீர்ந்திட்டில்ல அஜிதா" என்றாள். அதற்கு மேல் அஜிதா கேட்கவில்லை. குறிப்புகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை.

நான்காவது கூட்டம் மதியம் மூன்று மணிக்கு. காலையிலிருந்தே வானம் கறுத்து, அறையில் விளக்குப் போட வேண்டியிருந்தது. வேலப்பன் ஏழாவது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அஜிதா ஆறு கோப்புகளை வைத்தாள். ஒவ்வொன்றாக வைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தாள். சன்னலோரத்தில் யாரும் இல்லை. உறுப்பினர்கள் வந்தார்கள், குடைகளைச் சுவரோரம் சாய்த்தார்கள். கதவு வழியே வராந்தா பெஞ்சின் ஒரு முனையில் லலிதாம்பாள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கீழ்மாடிப் பென்ஷன் பிரிவில் கூட்டம் அதிகமானால் முதியவர்கள் மேலே வந்து உட்காரும் பெஞ்சு அது. பதினொரு மாதத்துக்குப் பிறகு வெளியே வந்தவள், மடிசாரைக் கால்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு படியையே பார்த்தபடி இருந்தாள். இந்த முறை பிஜுவும் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

தலைவர் முந்தைய குறிப்புகளை உறுதிசெய்யக் கோப்பைப் பிரித்தார். பிரித்தவர் இரண்டாவது பக்கத்தில் நின்றார். அஜிதா எதையும் மாற்றித் தட்டச்சு செய்திருக்கவில்லை. மூன்று கூட்டங்களும் நடந்தபடியே இருந்தன. ஏழாவது பெயரும், குளமும், பதினோரு குடும்பங்களும், மாறுபட்ட கருத்தும். தலைவர் பிஜுவைப் பார்த்தார். பிஜு அஜிதாவைப் பார்த்தார். அவள் நோட்டின் மேல்வரியில் தேதியை எழுதினாள்.

உறுப்பினரே இல்லாத ஒருவரின் கருத்து செல்லாது, அந்தப் பத்தியை எடுத்துவிடலாம் என்றார் தலைவர். யாரும் மறுக்கவில்லை. அஜிதாவின் பேனா தாளைத் தொட்டுக்கொண்டு நின்றது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஸ்ரீப்ரியா தொண்டையைச் செருமினாள்.

"பத்தியை எடுக்கவேண்டாம் சார். பெயரை மாத்தினால் போதும். அதில் என் பெயர் போடுங்க."

தலைவர் கோபப்படவில்லை. வருத்தத்தோடு கேட்பதுபோலக் கேட்டார், உங்கள் நியமனம் இன்னும் உறுதியாகவில்லை அல்லவா என்று. ஆகவில்லை சார் என்றாள் ஸ்ரீப்ரியா. துளை போட்டு எடுத்த மண்ணின் பரிசோதனைத் தாளைக் கோப்போடு சேர்த்து வைத்துவிட்டு, அஜிதாவின் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். போட்டு முடித்ததும் அவளுக்கு மூச்சு இரைத்தது. அந்த அமைதியில் அது எல்லோருக்கும் கேட்டது. மாறுபட்ட கருத்தைப் பின்னிணைப்பாகச் சேர்த்து அறிக்கை சிண்டிகேட்டுக்குப் போகும், அவர்கள் முடிவு செய்யட்டும் என்று சொல்லித் தலைவர் எழுந்தார். மொத்தம் இருபத்தைந்து நிமிடம். எல்லோரும் போன பிறகு பிஜு மட்டும் நின்றார்.

"நாளைக்கு உனக்கு மெமோ வரும். நானே கொடுக்கணும்," என்றார்.

"சரி சார்."

அவர் கதவுவரை போய், திரும்பி, ஏழாவது நாற்காலி இருந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு விளக்கை அணைக்காமலேயே போனார்.

அஜிதா கோப்புகளை அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தாவில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. லலிதாம்பாளிடம், வரவில்லை அம்மா, பெயரை எடுத்துவிட்டார்கள், அதனாலோ என்னவோ என்று சொல்ல வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே நடந்தாள். பாதி வராந்தாவில் கால் நின்றது. லலிதாம்பாள் படியைப் பார்க்கவில்லை. பெஞ்சின் முனைக்கு ஒடுங்கி உட்கார்ந்து, பக்கவாட்டில் திரும்பி, யாருக்கோ தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். பையன் வந்துபோனது, குழாய் ரிப்பேர் ஆனது, பக்கத்தாத்துப் பெண்ணுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. இடையிடையே நிறுத்தினாள். நிறுத்தும்போது தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டாள். ஒருமுறை சிரித்தாள்.

அஜிதா எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. அந்தப் பேச்சுக்குள் போக அவளுக்கு உரிமை இல்லை என்றுதான் தோன்றியது. ஆனால் பதினேழு அழைப்புகளும் முதல் மூன்றும் நினைவுக்கு வந்தன. மெல்ல நடந்துபோய்ப் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். லலிதாம்பாள் பேச்சை நிறுத்தி அவளைப் பார்த்தாள். முகத்தில் தடை இல்லை.

"அம்மா," என்றாள் அஜிதா. "எங்கப்பாவப் பத்தி ஒண்ணு கேக்கணும்."

"கேளு," என்றாள் லலிதாம்பாள். "மெதுவாக் கேளு. அவசரமில்லை."

அப்போது படியேறி ஒரு முதியவர் வந்தார். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஓய்வூதியக் காகிதங்கள், முழங்கால்வரை நனைந்த வேட்டி. உட்கார இடம் தேடியவர், இரண்டு பெண்களுக்கும் நடுவிலிருந்த இடத்தைக் காட்டிக் கேட்டார்.

"இவிடெ ஆளுண்டோ?"

"உண்டு," என்றாள் லலிதாம்பாள்.

அவர் தலையாட்டிவிட்டுத் தூணோரம் போய் நின்று குடையை மடக்கினார். மடியில் கனத்த கோப்புகளை அந்த இடத்தில் இறக்கி வைக்கப் போன கையை அஜிதா இழுத்துக்கொண்டாள்.